கர்ச்சீப் போட்ட சீட்

பல்கலைக்கழக பஸ் தாம்பரத்துக்கு வந்தாலே பிளஸ்ஸிக்கு வயிறு எரியும். முதல் ஸ்டாப்பில் ஏறும் கிளார்க் ஜேசன், தினமும் பக்கத்து சீட்டில் கர்ச்சீப் போட்டு இடம் பிடிக்கிறானாம். டிரைவர் அண்ணன் சொன்னது. சேலையூரில் ஏறும் லெக்சரர் ஷாயிஸ்தா அதில் ஜம்மென்று உட்கார்ந்திருப்பாள். அதற்கப்புறம் தாம்பரத்தில் ஏறும், லைப்ரரியில் வேலை பார்க்கும் பிளஸ்ஸியோ, வண்டலூர் தாண்டும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு இருவரையும் முறைப்பாள்.

இன்று ஷாயிஸ்தா இல்லை. சீட்டில் கர்ச்சீப் மட்டும் கிடந்தது.

“மேடம் இன்னிக்கு லீவு. உங்ககிட்ட சொல்லலையா?” என்றாள் பிளஸ்ஸி குத்தலாக.

“தெரியுமே.”

“அப்புறம் யாருக்கு இந்தக் கர்ச்சீப்?”

ஜேசன் அதை எடுத்து மடித்தான்.

“ஆறு மாசமா உங்களுக்குத்தான் போடுறேன். நடுவுல அவங்க ஏறி உக்காந்துடுறாங்க. ஒரு கிளார்க், லெக்சரரைப் போய் எந்திரிங்கன்னு சொல்ல முடியுமா?”