தரையைத் தொட்டது கால் விலை

"இந்தாங்கண்ணே, பிடிங்க. இனிமே உங்க கடையில ஒரு எலுமிச்சை கூடக் கீழே உருளாது!"

தையல்காரி பையிலிருந்து எடுத்து விரித்ததைப் பார்த்துக் காய்கனிக் கடைக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். கொசுவலைத் துணியை நாலாக மடித்து, ஓரமெல்லாம் நாடா வைத்து, நான்கு மூலையிலும் கயிறு கோத்துத் தைத்திருந்தாள்.

"என்னம்மா இது, பழத்துக்குச் சட்டையா?"

"தடுப்புண்ணே. தட்டு முன்னால இழுத்துக் கட்டிட்டா, அடுக்கினது அடுக்கினபடி நிக்கும். காசெல்லாம் வேண்டாம்."

"அதெல்லாம் எதுக்கும்மா? விழுந்தா விழுந்துட்டுப் போகுது."

"நல்லா இருக்கே! விழுந்து விழுந்துதானே உங்களுக்குக் கோணக்கைன்னு பேரே வந்துச்சு?"

உண்மைதான். ஆரஞ்சு, மாதுளை, பீட்ரூட், எதை அடுக்கினாலும் வாரத்துக்கு மூன்று தடவையாவது தடதடவென்று சரிந்துவிடும். முப்பது வருஷம் கடை நடத்தியும் மனுஷனுக்கு நாலு பழத்தை ஒழுங்காக அடுக்க வரவில்லையே என்று தெருவே சிரிக்கும். தராசுக்குப் பின்னால் அவர் அப்பா காலத்துப் பலகை ஒன்று தொங்கியது. 'தரையைத் தொட்டது கால் விலை.'

அந்தப் பலகைதான் தையல்காரியின் வீட்டைக் காப்பாற்றியது. ஏழு மாதத்துக்கு முன்னால் அவள் மகள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். உடம்பில் ரத்தமே இல்லை என்றார் டாக்டர். "மாத்திரை மட்டும் போதாதும்மா. தினமும் பழம், கீரை, காய்கறி கொடுக்கணும்." அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்! ஒரு கிலோ மாதுளைக்கு இவள் மூன்று சட்டை தைக்க வேண்டும். கடைக்கு வருவாள், விலை கேட்பாள், எடுத்த பழத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெங்காயக் கூடைப் பக்கம் திரும்புவாள். அவளுடைய நல்ல நேரம், ஏதாவது ஒன்று சரிந்து உருளும்.

போன வாரம் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். "இனிமே பயமில்லை" என்றார் டாக்டர். தையல்காரி ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"உங்க நஷ்டத்துலதாண்ணே என் பொண்ணு தேறினா" என்றாள் இப்போது. "நீங்க தலையில கை வைக்கும்போதெல்லாம் நான் மனசுக்குள்ள சந்தோஷப்பட்டேன். பாவம் இல்லையா அது? இத்தனை நாளா உறுத்திக்கிட்டே இருக்கு. இதையாவது வாங்கிக்குங்க."

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அதை விழுங்கிவிட்டு, "பாப்பா இப்போ ஓடியாடுறாளா?" என்றார்.

"ஓடுறாளாவா? பிடிக்கவே முடியலை!"

"அது போதும்மா" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தராசு பக்கம் நின்ற அவர் மனைவி, "கட்டட்டும் விடுங்க. ஆசையா தைச்சுக் கொண்டு வந்திருக்கா" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட, சட்டென்று குனிந்து கீரைக்குத் தண்ணீர் தெளித்தாள்.

"தையல் பிரிஞ்சு வந்துடாதே?" என்று கேட்டார் கடைக்காரர்.

தையல்காரிக்குச் சுருக்கென்றது. "என் தையலா? இருபது வருஷத்துல நான் போட்ட தையல் ஒண்ணு பிரிஞ்சுதுன்னு யாராவது சொல்லட்டும், அன்னைக்கே மிஷினை வித்துடறேன்!"

நான்கு மூலையிலும் இரட்டை முடிச்சுப் போட்டு, மிச்சக் கயிற்றைக் கத்தரித்து, தட்டைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினாள். ஒரு பழம் கூட அசையவில்லை. பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு கிலோ மாதுளையை முழு விலை கொடுத்து வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள்.

தெரு முனை தாண்டியதும்தான் கத்தரிக்கோலை அங்கேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பினாள்.

கடையில் யாரோ ஒரு வயதான காவலாளி, வேலைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். கையில் இரண்டு மாதுளை.

"வீட்டுல அவளுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு. பழம் கொடுக்கச் சொன்னாங்க. கிலோ எவ்வளவுங்க?"

கடைக்காரர் விலையைச் சொன்னார். காவலாளி இரண்டு பழத்தையும் பதமாகத் திரும்ப வைத்தார். "சரி, வெங்காயம் கால் கிலோ போடுங்க" என்று கூடைப் பக்கம் திரும்பினார்.

வாசலுக்கு வந்துவிட்ட தையல்காரியை யாரும் பார்க்கவில்லை. கடைக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி கத்தரிக்கோலை எடுத்துத் தடுப்பின் கயிற்றை நறுக்கென்று வெட்டினாள். கடைக்காரர் அடி வரிசையிலிருந்து ஒரே ஒரு மாதுளையை இரண்டு விரலால் இழுத்தார். பாதித் தட்டு தடதடவென்று தரையில் கொட்டியது.

"அய்யய்யோ, போச்சு! மறுபடியும் சரிஞ்சிருச்சு!"

ஏழு மாதமாகத் தையல்காரி தன் முதுகுக்குப் பின்னால் கேட்ட அதே சத்தம்.

"என்னங்க இது, தடுப்பு வேற கட்டியிருக்கு, அப்புறம் எப்படி விழுந்துச்சு?" என்று காவலாளி கேட்டார்.

புருஷனும் பெண்டாட்டியும் திருதிருவென்று விழித்தார்கள்.

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், உருண்ட மாதுளைகளைப் பொறுக்கிக் காவலாளியின் பையில் போட்டபடியே உரக்கச் சொன்னாள்: "அதை ஏங்க கேக்கறீங்க, நான் தைச்சதுதான். என் தையல் எப்பவுமே இப்படித்தான், அரை மணி நேரம் கூடத் தாங்காது!"