அறுந்து போகாத கயிறு

காலையிலிருந்து நின்றே இருந்ததில் அவனுக்கு இடுப்பு கழன்று விழுவதுபோல் வலித்தது.

உட்காரக் கூடாது. வாயையும் திறக்கக் கூடாது. சோதனை நாளில், செல்போன் விளையாட்டைச் செய்தவன் மூலையில் நின்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். கண்காட்சி திறந்த பிறகு இந்தக் கூடத்தில் எடுத்துச் சொல்ல ஓர் ஆளும் இருக்கப்போவதில்லை. வருகிறவர் கையிலிருக்கும் செல்போன்தான் எல்லாம்.

மூடிப்போன மில்லின் பஞ்சுக் கிடங்கு. இப்போது கண்காட்சி.

விளையாடிப் பார்க்க, மில் தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளிலிருந்து ஆட்களை வரச் சொல்லியிருந்தார்கள். ரங்காத்தாள் மகளோடு வந்திருந்தாள்.

மில் புகைபோக்கிப் படத்தின் முன்னால் நின்றாள்.

படத்துக்குக் கீழே பலகை. 'ராக்கியப்பன். வெள்ளையடிக்கும்போது கவனக்குறைவால் தவறி விழுந்து இறந்தார்.' மில்லின் பழைய கோப்பில் இருந்தபடியே எழுதியது.

அவள் புருஷன்.

மகள் தெய்வானை செல்போனை அம்மா கையில் வைத்தாள். திரையில் ஒரு சின்ன மனிதன். இடுப்பில் கயிறு, கையில் சுண்ணாம்பு வாளி. விரலால் தள்ளத் தள்ளப் புகைபோக்கியில் ஏறினான்.

விரல் வழுக்கியது.

விழுந்தான்.

"அப்பனத் தள்ளி உட்டுட்டயேம்மா." தெய்வானை சிரிக்கத்தான் பார்த்தாள். வரவில்லை.

கீழே கிடந்தவன் எழுந்தான். மண்ணைத் தட்டிக்கொண்டு மறுபடி கயிற்றைக் கட்டினான்.

"எந்திரிச்சுட்டாருடி."

"மூணு உசுரு இருக்குதும்மா. பாத்துப் போ."

இரண்டாம் முறை மெல்ல ஏற்றினாள். உச்சிக்கு ஒரு முழம். மறுபடி விழுந்தான்.

மூன்றாம் முறை பாதி உயரம் போனதும் விரலை எடுத்துவிட்டாள். அவன் அந்தரத்தில் ஆடிக்கொண்டு நின்றான்.

அவள் மூலைப் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங் தம்பி, இதுல கவுறு அந்து போவாதுங்களா?"

விளையாட்டைச் செய்தவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். சோதனை நாள்.

முதலில் செய்தபோது கயிறு அறுந்தது. எத்தனை பார்த்து ஏற்றினாலும் எப்போதாவது ஒரு முறை பட்டென்று போகும். விளையாடியவர்களுக்குக் கோபம் வந்தது. நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டார்கள். தப்பு செய்யாதவனைத் தோற்கடிக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். அவனே உட்கார்ந்து கயிற்றைக் கெட்டியாக்கினான். அதன் பிறகு விழுகிற எவனும் தன் தப்பால்தான் விழுகிறான்.

அவனும் மில்லில் மூட்டை தூக்கியவர் பெற்ற பிள்ளைதான். மில் கயிறு எப்படி நைந்து கிடக்கும் என்று தெரியாதவன் இல்லை.

ரங்காத்தாள் திரைப் பக்கம் திரும்பினாள்.

"கவுத்தத் தொட்டுப் பாக்காம ஏற மாட்டாருங்க. நைஞ்சு போச்சுன்னு அன்னைக்கும் சொல்லிப்போட்டுத்தான் போனாரு. மேஸ்திரிதான், ஏறு ஏறுன்னு..."

"முடிச்சுடும்மா. இன்னும் கொஞ்சந்தான்," என்றாள் தெய்வானை.

ரங்காத்தாள் முடிக்கவில்லை. செல்போனை ஆட்டாமல் அசைக்காமல் பெஞ்சில் வைத்தாள். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

திரையில் அவன் ஆடிக்கொண்டிருந்தான். விரலுக்காகக் காத்துக்கொண்டு.

மூலையில் நின்றவன் அவள் பின்னாலேயே ஓடியிருக்கலாம். அடுத்த ஆள் அதற்குள் செல்போனை எடுத்துவிட்டார்.

கண்காட்சி திறந்தாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். ஏற்றுகிறார்கள், விழ வைக்கிறார்கள், சிரிக்கிறார்கள். பலகை அப்படியே இருக்கிறது. ஒரு முறைகூடக் கயிறு அறுந்ததில்லை.

கயிறுதான் அறுந்தது, உங்க வீட்டுக்காரர் மேல் தப்பில்லை.

ரங்காத்தாளுக்கு அவன் சொல்ல வேண்டியது இதுதான். இன்னும் பாக்கி.