கோப்பையின் அடியில் ஒரு முத்திரை

"இந்த வெள்ளிக் கோப்பை போலி. நாளைக்கு ஏலத்துல விடாதீங்க," என்றாள் டோர்காஸ், மூன்றாவது முறையாக.

பாஸ்டன் ஏலக்கடையின் மதிப்பீட்டாளர் வின்ஸ்லோ சிரித்தார். "விலையக் குறைச்சு அமுக்கப் பாக்குறீங்களாம்மா? அடியில முத்திரையப் பாருங்க. இருநூறு வருசத்துக்கு முந்தின தட்டான் அடிச்சது. மியூசியமே கேக்குது. இப்படி ஒரு கை இன்னைக்கு யாருக்கு இருக்கு?"

டோர்காஸ் கைப்பையிலிருந்து ஒரு சோப்புக்கட்டியையும் சிறிய எஃகு அச்சையும் எடுத்தாள். அச்சைச் சோப்பில் அழுத்தி நீட்டினாள். கோப்பையின் அடியில் இருந்த அதே எழுத்து, ஓரத்திலிருந்த உடைசல்கூட அப்படியே விழுந்திருந்தது.

வின்ஸ்லோ கோப்பையைக் கவிழ்த்து, சோப்பை முத்திரையோடு ஒட்டிப் பார்த்தார். "இந்த அச்சு உங்ககிட்ட எப்படி?"

"முப்பது வருசத்துக்கு முன்னால வயித்துப்பாட்டுக்கு நானே வெட்டினேன். போலீஸக் கூப்பிடுங்க, உக்காந்திருக்கேன். ஆனா முத்திரைதான் சார் பொய். நீங்க சொன்ன அந்தக் கை என்னோடது."