புகார் கொடுத்தவர்

"எவன் புகார் கொடுத்தான்னு சொல்லு. அவனை நான் பாத்துக்குறேன்."

அந்த ஆள் மேசையில் அடித்த அடியில் என் டீ தளும்பிக் கீபோர்டு மேல் கொட்டியது. மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். கைக்குட்டையை எடுத்துத் தன் விரலை மட்டும் துடைத்துக்கொண்டார்.

இணைய முகவரி விற்பது எங்கள் தொழில். முன்பெல்லாம் நிம்மதியான பிழைப்பு. யார் எந்தப் பெயரைக் கேட்டாலும், அது காலியாக இருந்தால் கொடுத்துவிடுவோம். அதை வைத்துக் கடை நடத்துகிறானா, ஊரை ஏமாற்றுகிறானா என்பது எங்கள் தலைவலி இல்லை. புதுச் சட்டம் வந்த பிறகு வாங்கியவனுக்கும் பதில் சொல்ல வேண்டும், அவன்மேல் புகார் சொன்னவனுக்கும் பதில் சொல்ல வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அந்த மத்தளமாக முதலாளி என்னை முன்னறையில் உட்கார வைத்திருக்கிறார்.

அந்த ஆள் காணாமல் போன தன் மகளின் பெயரிலேயே முகவரி வாங்கியிருந்தார். திறந்தால் அவள் படங்கள். உயரம், நிறம், கழுத்து மச்சம், கடைசியாக உடுத்தியிருந்த உடை. துப்புக் கொடுப்பவருக்குச் சன்மானம். அடியில் அவருடைய போன் நம்பர்.

இன்று காலையில் அதை முடக்கியது நான்தான். ஒருமுறை முடக்கினால் மறுபடி திறக்கச் சட்டத்தில் இடமில்லை.

"பெத்த பொண்ணைத் தேடுறது குத்தமாம்மா? போலீசே கைவிட்டுட்டாங்க. எனக்கு இருந்தது இந்த ஒரு வழிதான். நீயும் ஒரு பொண்ணுதானே?"

அவர் குரல் உடைந்தது. அடுத்ததாகக் காத்திருந்த போட்டோ ஸ்டுடியோக்காரர் என்னை முறைத்தார். யாராக இருந்தாலும் முறைப்பார்கள். பிள்ளையைத் தேடும் தகப்பனிடம் சட்டம் பேசுகிற கல்நெஞ்சக்காரி.

அவருடைய மனைவி பக்கத்து நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்டபோதும் கணவர்தான் வேண்டாம் என்றார்.

"புகார் கொடுத்தவங்க யாருன்னு நாங்க சொல்லக் கூடாது சார்."

"கண்ட நாய் புகார் கொடுத்தாலும் மூடிடுவியா? எவன்கிட்ட காசு வாங்கின?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதற்காக வீட்டிலும் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"கண்டவங்கல்லாம் கொடுக்க முடியாது சார். சைட்ல யார் போட்டோ இருக்கோ, அவங்களே கேமரா முன்னாடி உக்காந்து முகத்தைக் காட்டணும். நானே பாத்து, பேசி, அவங்கதான்னு உறுதி பண்ணினாதான் புகார் செல்லும்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

மகள் உயிரோடு இருக்கிறாள் என்பது அவருக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. அழுவார் என்று நினைத்தேன். மனைவியின் கையைப் பிடிப்பார், கடவுளே என்பார், எதையாவது செய்வார் என்று நினைத்தேன்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எந்த ஊர்ல இருக்கா? அட்ரஸைச் சொல்லு. காலை உடைச்சாவது இழுத்துட்டு வந்துடுறேன்."

உடைந்த குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. ஸ்டுடியோக்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குக் கோபத்தில் வருகிற வார்த்தை பயத்தில் வருவதில்லை.

"நான்தான் புகார் கொடுத்தேன்."

மனைவிதான் பேசினார். இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல் போட்டோவுல நாம மூணு பேரும் நிக்கிறோம்ல, அதுல நானும்தானே இருக்கேன். ஊர்ல உள்ளவன்லாம் என் மூஞ்சியைப் பாக்குறது பிடிக்கல. எடுக்கச் சொன்னேன்."

"நீயா? உனக்கு ஒழுங்கா போன் எடுக்கவே தெரியாதேடி!" அவர் என் பக்கம் திரும்பினார். "இவளா?"

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும்.

"இவங்கதான் சார். இடது பக்கம் திரும்புங்கன்னா வலது பக்கம் திரும்பினாங்க. சொல்லிக் கொடுக்குறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."

உடனே நம்பிவிட்டார். மனைவி முட்டாள் என்று யார் சொன்னாலும் நம்புகிற மனிதர்.

"வீட்டுக்கு வா, வெச்சுக்குறேன்" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு, படிகள் அதிரக் கீழே இறங்கினார்.

மனைவி மெதுவாக எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வீட்டில் என்ன நடக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிந்தது. அவர் ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை.

"கொஞ்ச நேரம் இங்கயே இருங்கம்மா" என்றேன். எனக்கு அவமானமாக இருந்தது.

கீழே காரின் ஹாரன் விடாமல் அடித்தது. அவர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேசைமேல் குனிந்து என் காதருகே வந்தார்.

"எப்படிம்மா இருக்கா?"

இதைச் சொல்லவும் எனக்கு அனுமதி கிடையாது.

"கொஞ்சம் சதை போட்டிருக்காங்கம்மா."