பனிப் பொட்டு

ஆலைக்குப் பின்னால் இரண்டு எரிவாயுத் தொட்டிகள் நின்றன. பனிக்கட்டியே நடுங்கும் குளிரில் இருந்தால்தான் அந்த வாயு திரவமாக இருக்கும். கொஞ்சம் சூடு பட்டாலும் ஆவியாகிவிடும். அதனால் இரண்டுக்கும் இரட்டைச் சுவர், நடுவே சூடு புகாதபடி கனத்த காப்பு.

வடக்குத் தொட்டியின் வெளிச்சுவரில் ஓரிடத்தில் மட்டும் வெள்ளையாகப் பனி படிந்திருக்கும். அதற்கு அதில் அப்படியொரு பெருமை.

"பார்த்தியா, என் குளிர்ச்சி வெளியிலயே தெரியுது! உன்னைத் தொட்டா வெறும் தகரம்தான்," என்று தெற்குத் தொட்டியைத் தினமும் சீண்டும். தன் உச்சியில் இருந்த வால்வு ஆவியை வெளியே விடும்போதெல்லாம், "நல்லா சத்தமா விடு, ஊருக்கே கேக்கட்டும்!" என்று குதிக்கும்.

ஒருநாள் எரிவாயு ஏற்ற லாரிகள் வந்தன. தெற்குத் தொட்டி ஒரு லாரியை நிரப்பி அனுப்பியது. முதலில் அதே அளவு பிடித்துவைத்திருந்த வடக்குத் தொட்டி பாதி லாரிக்கே திணறியது.

"யாரோ திருடிட்டாங்க!"

"யாரும் திருடல," என்றது வால்வு. "உன் பனிப் பொட்டு இருக்கே, அங்கதான் காப்பு பிஞ்சு கிடக்கு. அது வழியா சூடு உள்ள போகுது. ஆவியானதைத்தான் நான் இத்தனை நாளா வெளிய விட்டேன்."

"ஏன் சொல்லல?"

"நீதான் சத்தமா விடச் சொன்னியே."

வெயில் ஏறியது. மிச்சமிருந்ததும் ஆவியாகி முட்டியது.

"மெதுவா விடேன், பக்கத்துல கேக்கும்," என்று கெஞ்சியது வடக்குத் தொட்டி.

வால்வால் அடக்க முடியவில்லை. உஸ்ஸென்று சீறியது.

"என் காதுல ஒண்ணும் விழலப்பா," என்றது தெற்குத் தொட்டி அவசரமாக.