தோப்பு தீர்ந்ததும்

"இன்னா அண்ணி, இந்த வருஷமாவது வெட்டி முடியுமா?"

பொங்கலுக்கு முடிச்சூர் வரும்போதெல்லாம் பக்தவச்சலம் கேட்கும் கேள்விதான். இந்த முறை மனை புரோக்கரையும் அழைத்து வந்திருந்தான்.

"வெட்டிக்கினுதான் கீறோம் தம்பி" என்றாள் கன்னியம்மா. தோப்புக்குள் கோடாலிச் சத்தம் கேட்டது.

எண்பத்து நான்காம் வருஷம் அண்ணன் இறந்தபோது, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பக்தவச்சலம்தான் பேசி எழுதினான். தோப்பிலுள்ள சவுக்கு மரங்களை அண்ணி வெட்டி விற்றுக்கொள்ளலாம். தோப்பு தீர்ந்ததும் நிலத்தை விற்று ஆளுக்குப் பாதி. அவளுக்கு அந்தத் தோப்பை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. ஒரு வருஷத்தில் தீர்ந்துவிடும் என்று அவன் நினைத்தான். ஏழு வருஷம் ஆகிவிட்டது. மூவரும் தோப்புக்குள் போனதும் அவன் மரங்களைப் பார்த்தான்.

"இருக்கிறதே ஒரு ஏக்கர். வருஷாவருஷம் வண்டி வண்டியா போவுது. இன்னும் இவ்ளோ மரம் எப்படி நிக்குது?"

மரம் வெட்டிக்கொண்டிருந்த சேட்டு சிரித்துவிட்டான்.

"பழைய மரமெல்லாம் தீர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு சார். அக்கா தோப்பை அஞ்சா பிரிச்சு, வருஷத்துக்கு ஒரு பங்குதான் வெட்டும். வெட்டின இடத்துல உடனே கன்னு வச்சிடும். இப்ப நான் வெட்டுறதே அக்கா வச்சதுதான்."

புரோக்கர் பக்தவச்சலத்தைப் பார்த்தார்.

"அப்ப எப்பதான் அண்ணி முடியும்?"

கன்னியம்மா காலியான இடத்தில் ஒரு கன்றை நட்டு, சுற்றிலும் மண்ணை மிதித்தாள்.

"தோ, இது பெருசாவட்டும் தம்பி. வெட்டிடலாம்."