மூன்றாம் வரி

பெர்சிஸ் ஆர்கனின் மூடியைச் சாத்திவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கூட்டில் போட்டாள். ஞானையா வாங்கிவந்திருந்த புது இசைப்புத்தகத்தின் அட்டையில் ‘ட்ரியோ சொனாட்டா’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ட்ரியோ என்றால் மூன்று. இவர்களுடைய வாத்தியக் குழுவிலோ நான்கு பேர். வயலின் வாசிக்கும் அக்கா தங்கையைப் பிரிக்க முடியாது. கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கும் பெரிய செல்லோ ஞானையாவுடையது. போன வாரக் கல்யாணத்தில் விரல் தடுமாறியவள் பெர்சிஸ்தான். முகத்துக்கு நேரே சொல்ல மனமில்லாமல் புத்தகத்தை விட்டுச் சொல்ல வைத்திருக்கிறார்கள்.

“எங்கக்கா கெளம்பிட்டிய?” என்றான் ஞானையா.

“மூணு பேருக்குத்தானே வாங்கியிருக்க?”

“அது மூணு வரிக்கா, மூணு ஆளில்ல. அட்டைய விடுங்க. என்னென்ன கருவின்னு உள்ள போட்டிருக்கான், பாருங்க.”

உள்ளே முதல் இரண்டு வரிகளில் வயலின்கள் தனித்தனியாக இருந்தன. மூன்றாவது வரிக்கு நேரே செல்லோவும் ஆர்கனும் சேர்ந்தே அச்சாகியிருந்தன.

“இந்தக் கீழ்சுர வரிய, பேஸை, நாம ரெண்டு பேரும் சேந்துதான் வாசிக்கணும். நீங்க இல்லாம நான் மட்டும் என்னத்த வாசிக்க?”

அடக்கி வைத்திருந்த மூச்சு சிரிப்பாக வெளியே வந்தது. பெர்சிஸ் மூடியைத் திறந்தாள். அந்த வரிக்கு ஒரே தாள்தான் வந்திருந்தது. ஞானையா நாற்காலியை ஆர்கனோடு ஒட்டி இழுத்துப் போட்டான். அவன் கையில் வில். அவள் கைகள் இரண்டும் கட்டைகளின்மேல். தாள் முடிகிற இடத்தில் அதை யார் திருப்புவது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.